மஞ்சூர்க் கொழுந்து, காவிரித் தண்ணீர்

நீலகிரியின் குந்தா வட்டாரத்தில், மஞ்சூரைச் சுற்றியுள்ள சரிவுகளில், வெயில் ஏறுவதற்குள் கொழுந்து எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு இலை, நடுவில் விரியாத ஒரு குருத்து. பறிக்க வேண்டியது அவ்வளவுதான். மூன்றாவது இலையும் நான்காவது இலையும் சேர்ந்து வந்தால் எடை கூடும், தரம் இறங்கும். பச்சைத் தேயிலையைக் கிலோ கணக்கில் விற்றுப் பிழைக்கும் சிறு விவசாயிக்கு அந்த மூன்றாவது இலை அன்றாடச் சபலம். விலை விழுந்த வாரத்தில் அதை விட்டுவிடுங்கள் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? பெங்களூருவில் சிவாஜிநகரிலோ ஜெயநகரிலோ ஒருவர் குடிக்கப்போகும் டீயைப் பற்றிய முதல் முடிவு இப்படி இந்தச் சரிவில், விரல் நுனியில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

செடியும் இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்ததுதான். 1835-ல் சீன விதையில் முளைத்த நாற்றுகள் கேத்தியில் இருந்த அரசுப் பரிசோதனைப் பண்ணைக்கு வந்தன. அடுத்த ஆண்டே பண்ணையை மூடிவிட்டார்கள். இடம் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் வசம் போனது. கவனிப்பாரின்றிக் கிடந்த நாற்றுகளைப் பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் எடுத்து ஒழுங்காக நட்டார். அவை பிழைத்துக்கொண்டன. பின்னால் அஸ்ஸாம் வகையும் மலையேறி வந்தது. இன்றைய தோட்டங்களில் இரண்டும் உண்டு, இரண்டும் கலந்ததும் உண்டு. பறிக்கிறவர்களிலும் கடல் கடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் தமிழ்நாடு வனத்துறை தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பிறகு ‘டான்டீ’ ஆயிற்று. பாட்டி கண்டிச் சீமையில் பறித்த கொழுந்தைப் பேத்தி கூடலூரில் பறிக்கிறாள்.

பறித்த இலை அன்றே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். சாக்கில் அழுத்திக் கட்டி வைத்தால் உள்ளுக்குள் சூடேறிக் கெட்டுவிடும். குந்தாவில் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை 1962-ல் எழுந்தது; 1965-ல் இப்படிப்பட்ட கூட்டுறவுகளுக்கெல்லாம் தலைமையாக இண்ட்கோசர்வ் வந்தது. அங்கே இலையை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, இரவு முழுக்க வாட்டுகிறார்கள். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது வற்ற வற்ற இலை துவளும். கையில் பிடித்து உருட்டினால் ஒடியாது, பந்தாகச் சுருளும். அந்தப் பதத்தில்தான் அதன் தலைவிதி பிரிகிறது.

ஒரு வழி சி.டி.சி. பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராக, வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. நடுவில் விழும் இலை நசுங்கி, கிழிந்து, சிறு மணிகளாகச் சுருண்டு வெளியே வருகிறது. 1930-களில் அஸ்ஸாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய இந்த இயந்திரம்தான் இந்தியாவைப் பால் டீ குடிக்கும் நாடாக்கியது என்பேன். இலையின் செல்கள் ஏறக்குறைய எல்லாமே உடைந்துவிடுவதால் சாறு முழுக்கக் காற்றில் பட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செம்பழுப்பாக மாறிவிடும். இன்னொரு வழி ஆர்தடாக்ஸ். இலையைக் கிழிக்காமல், உள்ளங்கையில் தேய்ப்பது போன்ற சுழற்சியில் முறுக்குவது. சாறு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், மாற்றமும் மெல்ல நடக்கும், மணம் தங்கும். மூன்றாவது வழியில் இலையை வாட்டக் காத்திராமல், வந்த கையோடு ஆவியிலோ சூடான உருளையிலோ காட்டிவிடுகிறார்கள். நிறம் மாற்றும் நொதி அங்கேயே செத்துப்போகும். பச்சை பச்சையாகவே நிற்கும். அதுதான் கிரீன் டீ. ஒரே சரிவு, ஒரே நாள் பறித்த இலை. வெளியே வரும்போது மூன்று டீ.

எந்த வழியில் போனாலும் கடைசியில் சூட்டில் உலர்த்தி, ஈரம் சுமார் மூன்று சதவீதத்துக்கு வந்ததும் நிறுத்துகிறார்கள். டீ போடுகிறவர் அங்கே நின்றுபோன வேலையைத் தண்ணீர் விட்டுத் தொடர்கிறார், அவ்வளவே. இலைக்கு என்னென்ன நடந்தது என்று தெரிந்தால், அதன் மேல் எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். டீ வகைகளைப் பற்றி எழுதப்படும் நீண்ட பட்டியல்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவதால்தான் வாசிக்கிறவரைக் குழப்புகின்றன.

சலித்துத் தரம் பிரித்த தூளின் பெரும்பகுதி குன்னூர் ஏலத்துக்குப் போகிறது. 1963-லிருந்து நடக்கிற ஏலம். இப்போது எல்லாம் கணினித் திரையில். ஏலத்துக்கு முன் சுவைஞர்கள் வரிசையாக வைத்த கோப்பைகளில் உறிஞ்சித் துப்பிப் பார்ப்பார்கள். உலகத்துக்கே பொதுவான ஐ.எஸ்.ஓ. 3103 விதிப்படி 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். வீட்டில் அப்படிப் போட்டால் நாக்கு சுருண்டுவிடும். குறை ஒளிந்துகொள்ள இடமில்லாமல் செய்வதற்கான அளவு அது; குடிப்பதற்கானது அல்ல.

பிறகு லாரி. கூடலூர் வழியாக இறங்கினால் முதுமலை, பந்திப்பூர், குண்டலுப்பேட்டை, மைசூரு. காட்டு விலங்குகள் அடிபடுவதைத் தடுக்க 2009 முதல் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணிக்கு மூடப்பட்டு காலை 6 மணிக்குத்தான் திறக்கிறது. நேரம் தப்பிய சரக்கு, வாயிற்கதவுக்கு வெளியே விடியும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கினால் சத்தியமங்கலம், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள், சாமராஜநகர். இல்லையென்றால் கோவை, சேலம், ஓசூர் என்று சுற்று வழி.

பெங்களூருவில் இலை தண்ணீரைச் சந்திக்கிறது. இங்கேதான் கதை எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறது. மஞ்சூரில் பெய்யும் மழை பவானியில் சேர்ந்து, பவானி கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. பெங்களூரு தண்ணீர் எடுப்பதோ அதற்கு வெகு மேலே, சிவனசமுத்திரம் பக்கத்தில். தொரேக்காடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாயில், கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். முதல் கட்டம் 1974-ல் வந்தது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில். ஆக, மஞ்சூரின் மழை பெங்களூருவுக்கு வருவதில்லை. வயநாட்டில் மானந்தவாடிப் பக்கத்துத் தேயிலை மலைகளில் பெய்கிற மழை கபினி வழியாக வருகிறது. ஒரு மலையின் இலை, இன்னொரு மலையின் நீர்.

காவிரிக் குழாய் எட்டாத பகுதிகளில் போர்வெல்லும் டேங்கர் லாரியும்தான். அந்தத் தண்ணீர் கடினம். கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் போட்ட கறுப்புத் தேநீர் கலங்கிக் கறுக்கும். மேலே எண்ணெய்ப் படலம் போல ஒன்று மிதக்கும். தூளில் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் டீயின் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து செய்கிற வேலை அது. நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் படலம் கரையும், நிறமும் தெளியும். சிவாஜிநகரில் சுலைமானி குடிக்கிறவர்கள் கண்ணெதிரே இதைப் பார்க்கலாம். ஆர்.ஓ. தண்ணீர் மறுகோடி, உப்பெல்லாம் போய் டீ சப்பென்று இருக்கும். வடிகட்டிய காவிரித் தண்ணீர் நல்லது. அது கிடைக்காத வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் போர்வெல் தண்ணீர் கலந்து பார்க்கலாம்.

தெருக்கடைக்குப் போவது பெரும்பாலும் சி.டி.சி. டஸ்ட். காரணம் எளிது. துகள் சிறிதாக இருந்தால் சாறு நொடியில் இறங்கும், பாலையும் சர்க்கரையையும் தாண்டி நாக்கில் தெரியும். நம்மூர் பாணியில் துணிப்பையில் தூள், பாய்லரின் கொதிநீர், கெட்டி டிகாஷன், தனியே பால், ஆற்றி நுரை கட்டுவது. வடக்கிலிருந்து வந்த பாணியில் பாலும் தண்ணீரும் இஞ்சியும் ஏலக்காயும் தூளோடு சேர்ந்து கொதிக்கும். காபி நகரம் என்று பேர் எடுத்த பெங்களூருவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கின்றன. பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கடினத் தண்ணீரின் குறையும் இதில் அவ்வளவாகத் தெரியாது. நல்ல கடையைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பையில் தூளை எத்தனை தடவை மாற்றுகிறார் என்று பார்ப்பது. காலையில் போட்ட தூளிலேயே மத்தியானம் வரை தண்ணீர் ஊற்றினால் வருவது கசப்பு மட்டும். “அண்ணே, புது டிகாஷன்ல ஒன் பை டூ குடுங்க” என்று அல்சூரில் தமிழிலேயே கேட்கலாம். முகம் சுளிக்காமல் பையை உதறிப் புதுத் தூள் போடுகிற மாஸ்டர் கிடைத்தால் அந்தக் கடையை விடாதீர்கள்.

அந்த டம்ளருக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். டம்ளருக்கு இரண்டரை கிராம் என்றால் கிலோவுக்கு 400 டம்ளர். ஒரு கிலோ பச்சை இலைக்கு உற்பத்திச் செலவு 22 ரூபாய் 50 பைசா, அதோடு பாதி சேர்த்துக் கிலோவுக்கு 33 ரூபாய் 75 பைசா கொடுங்கள் என்று கேட்டுத்தான் 2023-ல் நீலகிரியின் படுகர் கிராமங்களில் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கேட்டதை அப்படியே கொடுத்தாலும் ஒரு டம்ளரில் அவர்கள் பங்கு 38 பைசா. சந்தையில் கிடைத்தது அதற்கும் கீழே. நாம் ஒரு டம்ளருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம். மூன்றாவது இலையைப் பற்றிக் குறை சொல்லும் உரிமை இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வாங்கும்போது ஆர்தடாக்ஸ் கேட்டு வாங்குங்கள். ஓ.பி., பி.ஓ.பி. போன்ற எழுத்துகள் இலையின் அளவைத்தான் சொல்கின்றன, உயர்வு தாழ்வை அல்ல: முன்னது முழு இலை, பின்னது உடைந்தது. தயாரித்த மாதத்தைப் பாருங்கள். கண்ணாடி ஜாடியில் வெளிச்சம் பட வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். ஊறிய பிறகு ஓர் இலையை எடுத்து விரித்தால் குருத்தா முற்றலா என்று அதுவே சொல்லிவிடும். உள்ளே பெரும்பாலும் காம்புகள்தான் என்றால் விலை எதுவானாலும் அது நல்ல சரக்கு இல்லை.

பெங்களூரு கடல் மட்டத்துக்குமேல் 900 மீட்டரைத் தாண்டிய ஊர். இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 93-ஐ ஒட்டி. ஆகவே கறுப்பு ஆர்தடாக்ஸுக்கு இங்கே கொதிநீரை ஆறவிடத் தேவையே இல்லை. பாத்திரத்தை முதலில் வெந்நீரால் அலம்பிச் சூடாக்கி, 200 மில்லிக்கு இரண்டரை கிராம் இலை போட்டு, கொதிக்கிற நீரை ஊற்றி மூடி, மூன்று நிமிடம், மிஞ்சினால் நான்கு. பிறகு சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிட வேண்டும். திடமாக வேண்டுமென்றால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். நேரம் கூடினால் வருவது துவர்ப்பு. பால் வேண்டாம்.

கிரீன் டீ கசக்கிறது என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கொதிநீரில் போட்டவர்கள். அந்த இலையில் எதுவும் மாற்றப்படவில்லை. துவர்ப்பு அப்படியே இருக்கிறது. கொதிநீர் அதை மொத்தமாக இழுத்துவிடுகிறது. வெப்பமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மூன்று பங்கு கொதிநீரில் ஒரு பங்கு பானைத் தண்ணீர் கலந்தால் 80 டிகிரிக்கு மிக அருகில் வந்துவிடும். இரண்டு நிமிடம் போதும்.

நீலகிரியின் பெருமை என்று நான் கருதுவது பனிக்காலத் தேயிலை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவுக் குளிர் உறைநிலைக்குப் பக்கத்தில் போகும். செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும், மணம் இலைக்குள் அடர்ந்துவிடும். அப்போது பறித்ததை லேசாக மட்டும் நிறம் மாறவிட்டு உலர்த்துவார்கள். பூ வாசனை. இதற்கு 85, 90 டிகிரி. மூன்று நிமிடத்துக்குக் கீழே. அதே இலையில் இன்னும் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் கூட்டி ஊற்றலாம். இரண்டாவது கோப்பை முதலாவதைவிட நன்றாக இருப்பதுண்டு. விலை அதிகம்தான், 50 கிராம் வாங்கிப் பாருங்கள்.

ஏப்ரலில் பெங்களூரு காயும்போது நீலகிரி ஆர்தடாக்ஸுக்கு இன்னொரு குணம் தெரியும். பல ஊர்த் தேயிலைகள் ஆறியதும் பால் கலந்ததுபோல் கலங்கிவிடும். இது ஆறினாலும், குளிர்பெட்டியில் வைத்தாலும், தெளிவாகவே இருக்கும். இரவில் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் இலையைப் போட்டு, சூடே காட்டாமல், மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் வடித்தால் துவர்ப்பில்லாத ஐஸ் டீ தயார். சர்க்கரை போடுவதற்கு முன் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.