ஆளை நிறுத்தினார்கள், அரிசியை நிறுத்தவில்லை

ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ குழி வெட்டிக்கொண்டிருந்தது 1899 முதல் 1905 வரை. தங்க நெற்றிப்பட்டமும் இரும்பு வாளும் வெண்கலப் பாத்திரமும் சென்னை அருங்காட்சியகத்துக்கு வண்டி ஏறிய கதையைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் குழியைவிட்டு மேலே ஏறி வந்துவிடுவோம். ரீ மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், திருநெல்வேலி ஜில்லா அதிகாரிகளுக்குப் பழைய பிணங்களைப் பற்றிய நினைப்பே இருந்திருக்காது. வடக்கேயிருந்து ரயிலேறி வந்துவிடுமோ என்று அவர்கள் பயந்துகொண்டிருந்தது பிளேக் நோய்க்கு.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். ஆதிச்சநல்லூரில் இத்தனை முதுமக்கள் தாழிகள் ஒரே இடத்தில் கிடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு, ஏதோ கொள்ளைநோயில் ஊரே போய்விட்டதோ என்று தோன்றும். அப்படி நினைக்க ஆதாரம் இல்லை. பல தலைமுறைகள் புழங்கிய இடுகாடு அது. தாழி வனைந்து, பக்கத்தில் கலமும் கருவியும் வைத்து, தானியமும் இட்டு அடக்கம் செய்வதற்கு நிதானம் வேண்டும். கொள்ளைநோய் வந்த ஊரில் அந்த நிதானம் இருக்காது.

பம்பாயில் 1896 செப்டம்பரில் அந்த நிதானம் இல்லாமல் போயிற்று. துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி தானியக் கிடங்குகளும் நெருக்கடியான வீடுகளுமாக இருந்த பகுதி. அங்கே ஆட்களுக்குக் கடுங்காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டி வீக்கம், சில நாளில் சாவு. கோவாக்காரரான டாக்டர் அகாசியோ வியேகாஸ் இதைப் பார்த்து, பிளேக்தான் என்று பம்பாய் மாநகராட்சியில் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1894இல், ஹாங்காங்கை உலுக்கியிருந்த அதே நோய்.

அடுத்து நடந்த விவாதத்தைப் படிக்கும்போது தேதியை மறைத்துவிட்டால் எந்த நூற்றாண்டு என்று சொல்ல முடியாது. நகரின் சுகாதார அதிகாரி டி. எஸ். வியர் நோயின் பெயரை முழுதாகச் சொல்லவே தயங்கினார். அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறது, அவ்வளவு கடுமையில்லை என்ற தொனியிலேயே அவர் பேச்சு இருந்தது. அவரை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. பிளேக் என்று ஒரு துறைமுகம் ஒப்புக்கொண்டால் அதன் கப்பலை எந்த நாடும் உள்ளே விடாது. பருத்தி, தோல், தானியம் எல்லாம் கிடங்கிலேயே கிடக்கும். எனவே வியாபாரிக்கும் அரசுக்கும் அது பிளேக்காக இல்லாமலிருப்பதே தேவையாக இருந்தது. மாண்ட்விக் கிடங்குகளில் எலிகள் செத்து விழுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் பலர். அது மருத்துவ அறிவாகக் கணக்கில் சேரவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? அக்டோபர் 6ஆம் தேதி முனிசிபல் கமிஷனர் ஸ்னோ ஓர் உத்தரவு போட்டார். எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், நோயாளியைப் பிடித்துத் தனியே வைக்கலாம், தேவைப்பட்டால் பலவந்தமாக. நேற்றுவரை பெரிதாக ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் இன்றைக்கு வீட்டுக் கதவை உடைக்கிறவர்களைப் பார்த்தார்கள். இடையில் யாரும் வந்து எதையும் விளக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கொன்றுவிடுவார்கள் என்ற வதந்தி அந்த இடைவெளியில்தான் வளர்ந்தது. அக்டோபர் 29 அன்று ஆயிரம் பேரளவில் மில் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். துப்புரவுத் தொழிலாளர்களும் ஊரைவிட்டுப் போய்விட்டால் பம்பாயில் மனிதர் வாழவே முடியாது என்று பயந்து கமிஷனர் தன் உத்தரவின் கடுமையைத் தளர்த்தினார். அதற்குள் ரயிலும் படகும் நிரம்ப ஆரம்பித்திருந்தன. 1897 பிப்ரவரிக்குள், 8 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்த நகரத்திலிருந்து ஏறக்குறைய பாதிப்பேர் வெளியேறிவிட்டார்கள். அவர்களில் சிலரோடு நோயும் புறப்பட்டது.

அலட்சியம் ஒரு கட்சி, கெடுபிடி இன்னொரு கட்சி என்று நாம் பிரித்துப் பார்க்கிறோம். பம்பாயில் இரண்டும் ஒரே கட்டடத்திலிருந்து, ஒரே மாதிரி ஆட்களிடமிருந்து, ஓரிரு வார இடைவெளியில் வந்தன. ஜனங்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை என்கிற எண்ணம் இரண்டுக்கும் பொது.

1897 தொடக்கத்தில் வெனிஸில் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. இந்தியச் சரக்குக்கும் ஹஜ் பயணத்துக்கும் தடை என்ற பேச்சு பலத்தவுடன் இந்திய அரசுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. மொத்தம் நான்கே பிரிவுகள். ஒரு பிரிவு அரசுக்கு எந்த நடவடிக்கையும் எடுக்க அதிகாரம் தருகிறது. கடைசிப் பிரிவு அப்படி நடந்துகொண்ட அதிகாரி மீது வழக்குப் போட முடியாமல் காக்கிறது. புனாவில் ராண்ட் என்ற அதிகாரியின் கீழ்ப் பட்டாளத்தார் வீடு வீடாகச் சோதனை போட்டதும், ஜூன் 22 அன்று, விக்டோரியா ராணியின் வைர விழா இரவில், சாபேகர் சகோதரர்கள் அவரைச் சுட்டதும், திலகருக்கு ராஜத்துரோக வழக்கில் 18 மாதச் சிறை கிடைத்ததும் பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் வராத ஒன்றையும் சொல்லவேண்டும்: பிளேக்கைக் கட்டுப்படுத்தவே வேண்டாம் என்று திலகர் சொன்னதில்லை. ஊரைவிட்டு ஓடிய பெரிய மனிதர்களைத் திட்டியவர், ஹிந்துக்களுக்கென ஒரு பிளேக் ஆஸ்பத்திரி நடக்கவும் முன்னின்றவர்.

நம் பக்கம் வருவோம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஜி. கிங் கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தார். பட்டாளத்தை இறக்கவில்லை, காகிதத்தை இறக்கினார். நோய் கண்ட ஊரிலிருந்து வருகிற பயணிக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்ற சீட்டு. போய்ச் சேர்ந்த ஊரில் 10 நாள், தினமும் அதிகாரி முன்னால் போய் நின்று, காய்ச்சல் இல்லை, நெறி கட்டவில்லை என்று காட்டவேண்டும். தொந்தரவுதான். மூன்றாம் வகுப்பில் வந்த ஏழைக்கு நாள்கூலி போனது. முதல் வகுப்பில் வந்தவருக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் கதவை உடைப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் என்று இருக்கிறதே, அது இவர் பெயரில் இருப்பது.

தூத்துக்குடிக்குத் தனியாக ஒரு சங்கடம் இருந்தது. 1876இலிருந்து ரயில் துறைமுகம்வரை வந்துவிட்டது. ஆழமில்லாத கடல் என்பதால் கப்பல் சில மைல் தள்ளியே நிற்கும். படகில் போய் ஏறவேண்டும். அடுத்த இறக்கம் கொழும்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து ஆட்களைக் கங்காணிகள் திரட்டி அழைத்துப்போன பாதை இது. முன்பெல்லாம் பலர் மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். வழிநெடுகக் காலராவில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. பிளேக் பயத்தில் அந்த வழி மூடப்பட்டு, கூட்டம் முழுக்கத் தூத்துக்குடி மேல் விழுந்தது.

இலங்கையில் இரண்டு நியாயங்கள் மோதிக்கொண்டன. கொழும்பு நகரத்தாருக்கு ஒவ்வொரு இந்தியக் கூலியும் பிளேக்காகத் தெரிந்தார். தோட்டத் துரைமார்களுக்கோ கொழுந்து முற்றிப்போகும் கவலை. ஆள் வரத்து ஒரு வாரம் நின்றாலும் நஷ்டம். துறைமுகத்தை அடைக்கவும் முடியாது, திறந்துவிடவும் முடியாது. கண்டுபிடித்த வழி, ஆட்களை நடுவில் நிறுத்தி வைப்பது. மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள தட்டப்பாறையில் முகாம் வைத்தார்கள். கொழும்பு பக்கம் ராகமையில் இன்னொன்று. போயர் யுத்தக் கைதிகளை அடைத்து வைத்திருந்த அதே ராகமை முகாம்தான் நம் ஆட்களை அடைக்கவும் பயன்பட்டது. 1901இலிருந்து கழுத்தில் தகர டிக்கெட். போகிற தோட்டத்தின் எண் அதில் பொறித்திருக்கும். பயணச் செலவு தொழிலாளியின் பெயரிலேயே கடனாக ஏறிற்று. 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி–தலைமன்னார் பாதை வந்ததும் இந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போய்விட்டது.

இத்தனை வருஷம், இத்தனை முகாம். அதே 1914 ஜனவரியில் கொழும்பில் பிளேக் வந்தது. வந்த இடம் தோட்டத்து லயம் அன்று. தானிய மண்டிகள் நிறைந்த புறக்கோட்டை. தானியம் ஏற்றிவந்த கப்பல்களில் எலியும், எலியின் மேல் தெள்ளுப்பூச்சியும் வந்தன என்பதுதான் மருத்துவர்கள் பிற்பாடு எட்டிய முடிவு. தீவு முழுக்க இறக்குமதி அரிசியைத் தின்று உயிர்வாழ்ந்தது. அரிசியை எந்த முகாமில் 10 நாள் நிறுத்துவது? யாரும் அதைப் பற்றி விவாதம்கூடச் செய்யவில்லை. விவாதமெல்லாம் ஆளை எத்தனை நாள் நிறுத்துவது என்பதில்தான் இருந்தது, ஏனென்றால் ஆளை நிறுத்துவது சுலபம்.

எலி விஷயம் தெரியாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898 ஜூனில் கராச்சியில் சோதனை செய்து, நோயுற்ற எலியிடமிருந்து நல்ல எலிக்குத் தெள்ளுப்பூச்சிதான் கொண்டுபோகிறது என்று காட்டி, அந்த ஆண்டே கட்டுரையும் எழுதினார். அப்போது விசாரணை நடத்திக்கொண்டிருந்த இந்திய பிளேக் கமிஷன் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டது. 1905இல் புதிதாகத் தொடங்கிய ஆய்வுதான் சிமோன் சொன்னது சரி என்று நிலைநாட்டியது. நடுவில் போன வருஷங்களின் விலை சாதாரணமானதில்லை. இந்தியாவில் பிளேக்கில் இறந்தவர்கள் மொத்தம் ஒரு கோடிக்கும் மேல். 1907ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 13 லட்சம், பஞ்சாபில் ஏறக்குறைய பாதி.

நெல்லைச் சீமை பம்பாய் கண்டதைக் காணவில்லை. சென்னை நகரமும் பெரும்பாலும் தப்பித்தது. கோயம்புத்தூர் தப்பவில்லை, அங்கே இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. தப்பிய ஊர்களில், பாஸ்போர்ட்டும் முகாமும் காப்பாற்றின என்று அதிகாரிகள் நம்பியது இயல்பு. கொழும்பு நகரசபையில் வேலை பார்த்த எல். ஃபேபியன் ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் அந்த நம்பிக்கையில் ஓட்டை போட்டார். எலித் தெள்ளிலும் இனங்கள் உண்டு. பம்பாயிலும் பஞ்சாபிலும் பெருகியிருந்த இனம் நோயைத் திறமையாகப் பரப்பக்கூடியது. சென்னையிலும் கொழும்பிலும் மிகுந்திருந்தது ‘அஸ்டியா’ என்ற இன்னொன்று. அது பிளேக்கைச் சுமப்பதில் மந்தம். நம் ஊர்களைப் பெருமளவு காப்பாற்றியது ஒரு சோம்பேறிப் பூச்சி. அதற்கு யாரும் தகர டிக்கெட் மாட்டவில்லை.

இதைக் கேட்டுவிட்டு முகாம்களே வீண் என்று சொல்லிவிடக் கூடாது. காட்டுவழியில் காலராவில் செத்து விழுந்த காலத்தோடு ஒப்பிட்டால், அம்மை குத்தி, நோய் பார்த்து அனுப்பிய மண்டபம் பல உயிர்களைக் காத்தது. எதற்காகக் கட்டினார்களோ அதற்குப் பயன்படாமல், வேறொன்றுக்குப் பயன்பட்டது. அரசு வேலைகளில் இது நடப்பதுதான்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு 2020ஐச் சொல்லாமல் போக முடியாது. தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி மார்ச் 7 அன்று உறுதியானார். பரிசோதனை நடந்த இடங்களில் ஒன்று அதே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது. 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுக்கும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசு சொன்னதும் அப்போதுதான். மார்ச் 13 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், இது சுகாதார அவசரநிலை அல்ல, பீதி வேண்டாம் என்றது. மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவிலிருந்து நாடே பூட்டப்பட்டது. பதினொரு நாள்தான் இடைவெளி. அலட்சியத்திலிருந்து கெடுபிடிக்கு வரப் பம்பாய்க்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் பிடித்தது.

நம் தூத்துக்குடி மாவட்டத்தில் அந்த ஊரடங்கின் விளைவுகள் இரண்டு. ஜூன் 2 அன்று ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல் கொழும்பிலிருந்து சுமார் 700 பேரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து இறக்கியது. அவரவர் மாவட்டத்துக்கு அனுப்பித் தனிமையில் வைத்துக் கவனித்தார்கள். அதே மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகப் பிடித்துப்போன தந்தையும் மகனும் போலீஸ் அடியில் இறந்தார்கள். ராண்டின் பட்டாளம் புனாவில் செய்ததைப் பாடமாகப் படித்த நாட்டில் இது நடந்தது.

தட்டப்பாறையில் இன்றும் ரயில் நிற்கிறது. முகாமில் தங்கிப் போனவர்களின் பேரன் பேத்திகள் ஹட்டனிலும் பதுளையிலும் இருக்கிறார்கள். திரும்பி வந்து நீலகிரியிலும் திருச்சியிலும் குடியேறியவர்களும் உண்டு. உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் தோட்ட எண் பொறித்த தகர டிக்கெட்டோ, பிளேக் பாஸ்போர்ட்டோ, மண்டபம் முகாம் முத்திரை குத்திய காகிதமோ இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். படமெடுத்து, யாருடையது, எந்த ஊரிலிருந்து போனார் என்ற விவரத்தோடு ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம் 1918ஆம் ஆண்டு விஷக்காய்ச்சல்.