தொழில்வாரி வேலைவாய்ப்பு மற்றும் ஊதியப் புள்ளிவிவரம் (ஐக்கிய அமெரிக்கா)

தொழில்வாரி வேலைவாய்ப்பு மற்றும் ஊதியப் புள்ளிவிவரம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் எந்தப் பகுதியில், எந்தத் தொழிலில், எத்தனை பேர், என்ன ஊதியத்திற்குப் பணிபுரிகிறார்கள் என்பதை மதிப்பிடும் அரசுக் கணக்கெடுப்பு ஆகும். தொழிலாளர் துறையின் கீழுள்ள தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் மாநில அரசுகளின் துணையுடன் இதை நடத்துகிறது. 2021-இல்தான் இதன் பெயரில் 'ஊதியம்' என்ற சொல் சேர்க்கப்பட்டது. எச்-1பி விசாவில் பணிபுரிவோருக்கான குறைந்தபட்ச ஊதியம் பெரும்பாலும் இதிலிருந்தே பெறப்படுவதால், தமிழ்நாட்டிலிருந்து செல்லும் மென்பொருள் பொறியாளர்களுக்கும் இது தொடர்புடையது.

தகவல் திரட்டல்

தகவல் தொழிலாளர்களிடமிருந்து அல்லாமல் நிறுவனங்களிடமிருந்து பெறப்படுகிறது. ஆண்டுக்கு இரு தவணைகளாக, மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 11 இலட்சம் பணியிடங்கள் அணுகப்படுகின்றன. முடிவுகள் 22 தொழிற்குழுக்களில் அடங்கும் சுமார் 830 தொழில்களுக்கும், சுமார் 530 பகுதிகளுக்கும் வெளியிடப்படுகின்றன. மூன்றாண்டுத் தகவல் ஒன்றாகக் கலப்பதால் திடீர் மாற்றங்கள் இதில் மங்கியே தெரியும். சுயதொழில் செய்வோர் கணக்கில் வருவதில்லை. எனவே சொந்தக் கடை வைத்திருக்கும் முடிதிருத்துநர் இதில் இல்லை. அவர் சம்பளத்திற்கு அமர்த்தியவர் உண்டு.

ஊதியத்தின் வரையறை

பிடித்தங்களுக்கு முந்தைய அடிப்படை ஊதியமே கணக்கிடப்படுகிறது. தரகும் வாடிக்கையாளர் தரும் அன்பளிப்பும் சேரும். மிகைநேர ஊதியம், ஆண்டிறுதி ஊக்கத்தொகை, பங்குகளாகத் தரப்படும் ஊக்கத்தொகை ஆகியவை சேரா. ஊதியத்தில் கணிசமான பகுதியைப் பங்குகளாகத் தரும் சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனங்களைப் பொறுத்தவரை இது சிறிய விடுபடல் அன்று. பெரும்பாலான தொழில்களில் ஆண்டு ஊதியம் என்பது மணிநேர ஊதியத்தை 2,080-ஆல் பெருக்கிக் கிடைப்பதாகும்.

எச்-1பி ஊதிய நிலைகள்

எச்-1பி பணியாளருக்கு, அதே தகுதியுடைய பிற ஊழியருக்கு நிறுவனம் தரும் ஊதியம், அப்பகுதியில் அத்தொழிலுக்கு நிலவும் ஊதியம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அது தரப்பட வேண்டும். நிலவும் ஊதியம் நான்கு நிலைகளாக வகுக்கப்படுகிறது. ஆனால் கணக்கெடுப்பில் பணியாளரின் அனுபவமோ திறனோ கேட்கப்படுவதில்லை. ஆகவே, ஊதிய வரிசையில் கீழுள்ள மூன்றில் ஒரு பங்கினரின் சராசரி முதல் நிலையாகவும், மேலுள்ள மூன்றில் இரு பங்கினரின் சராசரி நான்காம் நிலையாகவும் நீண்டகாலமாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளன. இடைப்பட்ட இரு நிலைகள், 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெறும் வகுத்தலால் கிடைப்பவை. எடுத்துக்காட்டாக, முதல் நிலை மணிக்கு 30 டாலர், நான்காம் நிலை 60 டாலர் எனில், இடைநிலைகள் 40, 50 ஆகும். புதிதாகப் பணியில் சேர்வோர் உண்மையில் பெறும் ஊதியத்தை எவரும் அளந்து முதல் நிலையை வகுக்கவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

இதனால் எல்லைகளை எங்கே வைப்பது என்பது அரசியல் கேள்வியாகிறது. நூறு பேரை ஊதிய வரிசையில் நிறுத்தினால், முதல் நிலை ஏறத்தாழ 17-ஆவது ஆளின் ஊதியத்திற்கு ஒப்பாக இருந்தது. 2020 அக்டோபரில் தொழிலாளர் துறை அதை 45-ஆவது இடத்திற்கு உயர்த்தியது. முன்னறிவிப்பின்றி விதி கொண்டுவரப்பட்டதை ஏற்காத நீதிமன்றம், அவ்வாண்டு டிசம்பரில் அதை இரத்து செய்தது. 2025 டிசம்பரில் வெளியான மற்றொரு விதி, விசாக் குலுக்கலில் நான்காம் நிலை ஊதியம் பெறுவோரின் பெயரை நான்கு முறையும், முதல் நிலையினரின் பெயரை ஒரு முறையும் சேர்க்கிறது.