வட்டுக்கோட்டைச் செமினரி: மூடிய பின்னும் வளர்ந்த கல்வி



ஈழத்தில் உயர்கல்வி என்றதும் 1942 இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகமே பலருக்கும் நினைவில் எழும். ஆனால், அதற்கு 119 ஆண்டுகள் முன்னரே, 1823 இல், அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கலைக்கூடத்தைத் தொடங்கிவிட்டனர். கல்லூரி என்று பெயரிடவே அவர்கள் விரும்பினர். குடியேற்ற அரசு இசையவில்லை. ஆகவே 'செமினரி' என்ற பெயரே நிலைத்தது.

அதன் முதல் அதிபர் டானியல் பூவர். ஆங்கிலம், தமிழ், வடமொழி, கணிதம், வானசாஸ்திரம், தத்துவம் ஆகியன அங்கே பாடங்களாயின. அதைக் கண்ட குடியேற்றச் செயலாளர் சேர் எமேர்சன் டெனன்ற், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பவைக்கத் தக்கது என எழுதினார்.

எனினும் 1855 இல் செமினரி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அன்டர்சன் குழுவினர், ஆங்கிலக் கல்வி மாணவரை ஊழியத்துக்கன்றி உத்தியோகத்துக்கே ஆயத்தம் செய்கிறது எனக் கண்டனர். தாய்மொழிக் கல்வியே போதும் என்றனர்.

அந்தக் குறைபாட்டில் உண்மை இல்லாமலில்லை. மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீனும் அதை உணர்ந்தவரே. தம் மாணவர் அரச சேவையை நாடாது ஊரிலேயே தங்கவேண்டுமென்று 1864 முதல் தமிழிலேயே மேலை வைத்தியத்தைப் போதித்தார். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்கள் அதன் பேறாகத் தமிழுக்குக் கிடைத்தன.

ஆனால், ஆங்கிலம் கற்றுக் கடல் கடந்தவர் எல்லோரும் தமிழை மறந்தாரா? 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதற் பட்டதாரிகளானோர் இருவர்: கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் செமினரி மாணவரே. தாமோதரம்பிள்ளை சென்னையில் உத்தியோகம் பார்த்தார், சைவராகவும் வாழ்ந்தார். மிசனின் கணக்கில் அது இழப்பாகலாம். அவரோ செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்.

கல்விக்கூடத்தைத் தொடங்குவோர் ஒரு நோக்கத்தோடு தொடங்குகின்றனர். கற்றவரோ அக்கல்வியைத் தம் மனம் காட்டும் வழியில் கொண்டு செல்கின்றனர். உத்தியோகத்துக்கு எத்தனை பேரை அனுப்பியது என்று மட்டும் ஓர் உயர்கல்வி நிறுவனத்தை இன்றும் நாம் அளந்தால், அன்டர்சன் குழுவினர் விட்ட பிழையையே நாமும் விடுவோம்.

செமினரி வாழ்ந்தது 32 ஆண்டுகள். அங்கே கற்ற ஒருவர் பதிப்பித்த கலித்தொகையோ இன்றும் நம் கைகளில் இருக்கிறது.