விடுப்பும் விடுமுறையும்

பணியிடப் பதிவேடுகளில் விடுப்பு, விடுமுறை என்னும் இரு சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதப்படுவது பெருகிவிட்டதால், அவற்றின் பொருள் எல்லையைச் சுட்டுவது தேவையாகிறது. இரண்டும் ‘விடு’ என்னும் வினையடியில் பிறந்தவை; விடுதலை, விடுதி, இசைவைக் குறிக்கும் ‘விடை’ ஆகியனவும் அதன் கிளைகளே. விடுமுறை என்பது நிறுவனம் அனைவருக்கும் பொதுவாக விடும் நாள்; விடுப்பு என்பது தொழிலாளர் ஒருவர் தம் தேவைக்காகக் கேட்டு, இசைவு பெற்று நீங்கியிருக்கும் நாள். யாழ்ப்பாண வழக்கில் ‘விடுப்பு’ ஊர்ப்புதினம் அறியும் ஆவலைக் குறிப்பது தனிச்சுவை. ‘லீவு’ என்னும் ஆங்கிலக் கடன்சொல்லும் மூலத்தில் இசைவு என்றே பொருள்பட்டது; தமிழ்ப் பேச்சு வழக்கோ அதை ஏற்றுக்கொண்டு, ‘லீவு விட்டார்கள்’, ‘லீவு போட்டார்’ என வினையை மாற்றியே வேறுபாட்டைக் காத்துக்கொண்டது.

மரச்சிற்பத்துக்காக 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூரில், சிற்பப் பட்டறை மே 1 அன்று மூடப்பட்டால் அது விடுமுறை. வாகை மரத்தில் பாதி செதுக்கிய திருவுருவத்தை வைத்துவிட்டுச் சிற்பி ஒருவர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்றால் அது விடுப்பு. இவ்வேறுபாடு கூலியையும் தொடுகிறது: 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாள் உழைத்தவருக்கு, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம் மறு ஆண்டில் ஊதியத்துடன் கூடிய விடுப்பை வகுத்தபோது, இடையில் வரும் பொது விடுமுறைகளை அக்கணக்கில் சேர்க்கலாகாது என்றது. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் உழைத்துச் சேர்த்த நாள் தொழிலாளருக்குக் குறையக்கூடும். ஆதலால் விண்ணப்பத்தில் விடுப்பு என்றும் அறிவிப்புப் பலகையில் விடுமுறை என்றும் எழுதுவதே முறை.