வெற்றிடக் கசிவு (பெட்ரோல் எந்திரம்)

வெற்றிடக் கசிவு என்பது பெட்ரோல் எந்திரத்தில் திராட்டில் வால்வுக்கு அப்பால், விரிசலிட்ட ரப்பர் குழாய் அல்லது தளர்ந்த இணைப்பு வழியே வெளிக்காற்று உள்ளிழுக்கப்படும் பழுதாகும். வண்டி நின்றிருக்கையில் எந்திரம் சீரின்றி ஓடும். சில வேளைகளில் சீறல் ஒலியும் கேட்கும்.

பழுதற்ற எந்திரம் அந்நிலையில், கடல்மட்டத்தில், வெற்றிடமானியில் ஏறத்தாழ 450–550 மி.மீ. பாதரச அளவு காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 25 மி.மீ. குறையும். எனவே உத்தமபாளையத்தில் கண்ட அளவு குமுளி மலையில் குறைந்தால், அதைக் கசிவு எனக் கொள்ளலாகாது.

குழாய்களை ஒவ்வொன்றாக அடியில் நெரிக்கையில் எதில் ஓட்டம் சீராகிறதோ, அதிலேயே கசிவு உள்ளது. சூடான எந்திரத்தில் பெட்ரோல் தெளித்துச் சோதித்தல் தீப்பிடிக்க ஏதுவாகும்.

பிரேக் பூஸ்டர் குழாயை முதலில் நோக்க வேண்டும். அது கசிந்தால் பிரேக் மிதி இறுகும். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரையிலான இறக்கத்தில் இது பேராபத்தானது.