ஐந்து நிரை, நான்கு நிரல், விடுபட்ட நிறம்

புள்ளிவிபரவியலுக்கென்றே உருவான ஆர் மொழியைப் படிக்கத் தொடங்குகிற நாங்கள் முதலில் பழகுவது தாயம் செய்யத்தான். 1 முதல் 6 வரை எண்களைக் கொடுத்து இரண்டு நிரையில் அடுக்கச் சொன்னால், ஆர் இடமிருந்து வலமாக அடுக்காது. மேலிருந்து கீழாக, நிரல் நிரலாக நிரப்பும். இதுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1957இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி அப்படித்தான் எண்களைச் சேமித்தது. 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் சேம்பர்சும் சகாக்களும் தொடங்கிய எஸ் மொழி ஃபோர்ட்ரானின் மேல் எழுந்தது. 1990களில் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்காவும் ரொபேர்ட் ஜென்டில்மனும் எஸ்ஸைப் பின்பற்றி ஆரை எழுதினார்கள். பழைய பழக்கம் அப்படியே கைமாறி வந்துவிட்டது.

கைமாறி வருவது அடுக்கும் முறை மட்டுமில்லை, எண்களும்தான். ஆரோடு சேர்ந்தே வருகிற பயிற்சித் தாயம் ஒன்றின் பெயர் ‘விஏடெத்ஸ்’. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் 1940இல் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் எண்டு அது சொல்லுது. அளவு கேட்கிற ‘டிம்’ கட்டளையைப் போட்டால் 5, 4 என்று பதில் வரும். 50–54 முதல் 70–74 வரை ஐந்து வயதுப் பிரிவுகள் நிரைகளில். கிராமத்து ஆண், கிராமத்துப் பெண், நகரத்து ஆண், நகரத்துப் பெண் என நான்கு நிரல்கள். 50–54 வயதில் கிராமத்து ஆண்களுக்கு 11.7, நகரத்து ஆண்களுக்கு 15.4. நகரத்துப் பெண்களுக்கோ 8.4தான்.

உதவிப் பக்கத்தைத் திறந்தால் மூலம் தெரியும்: 1947இல் அமெரிக்கச் சமூகவியல் சஞ்சிகை ஒன்றில் வந்த கட்டுரை. நிறம், பால், வயது, கிராமமா நகரமா என்ற நான்கு வேறுபாடுகளும் அதன் தலைப்பிலேயே இருக்கு. ஆனா தாயத்தில் மூன்றுதான். நிறத்தைக் காணேல்லை.

1940இன் வேர்ஜீனியாவில் நிறம் சின்ன விசயமில்லை. பாடசாலையும் பேருந்தும் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்த காலம் அது. 1924இன் ‘இனத்தூய்மை’ச் சட்டம் வெள்ளையர் மற்றவர்களை மணப்பதைத் தடுத்தது. பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கவனித்த மாநில அலுவலகத்தை 1912 முதல் 1946 வரை நடத்திய வோல்ட்டர் பிளெக்கர், அந்தச் சட்டத்துக்காக வாதாடியவர்களில் ஒருவர். பூர்வகுடிகளைப் பத்திரங்களில் ‘கறுப்பர்’ எண்டு பதியவைத்தவரும் அவர்தான். அந்தத் திருமணத் தடையை அமெரிக்க உயர் நீதிமன்றம் நீக்கியது 1967இல்.

உதவிப் பக்கம் இந்தத் தாயத்தைப் பகுப்பாய்வுக்கு நல்ல உதாரணம் என்று மெச்சுது. கணக்குக்கு அது சரிதான். ஆனால் ‘டிம்’மும் நிரல்களின் பெயர் கேட்கிற கட்டளையும் உள்ளே இருப்பதை மட்டுமே சொல்லும். எந்தப் பிரிவு வெளியே விடப்பட்டது எண்டு ஒரு கட்டளையும் சொல்லாது. அதுக்கு மூலக் கட்டுரையின் தலைப்பையாவது வாசிக்க வேணும். தாயத்தைச் சோதிப்பது என்றால் அந்த வாசிப்பும் அதில் சேர்த்திதான்.