உப்பும் ஓவியமும்

மரக்காணத்து உப்பளங்களைச் சித்திரை வெயிலில் பார்த்திருக்கிறீர்களா? பாத்தியில் கடல்நீரைத் தேக்கி, வெயிலில் காயவிட்டு, உப்பை வாரிக் குவிக்கிறவர்கள் ஒரு சாரார். அதை ஏற்றிச் சென்று விற்கிறவர்கள் வேறு சாரார். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் அறிஞர். உப்பு வணிகரான உமணரின் வண்டி வரிசையும் அந்நூலில் வருகிறது. விளைவிப்பவன் ஒருவன், விற்பவன் ஒருவன் என்ற ஏற்பாடு அவ்வளவு பழையது!

நம் காலத்தில் இந்த ஏற்பாடு கார்ட்டூன் தொழிலுக்கும் வந்துவிட்டது. திரையில் விநாடிக்கு 24 படங்கள் ஓடவேண்டும். முக்கிய நிலைகளைத் தலைமை ஓவியர் வரைவார். இடைப்பட்ட அசைவுகளை இளைஞர்கள் நிரப்புவார்கள். அதுவே அவர்களுக்குக் குருகுலம். 1956-ல், டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் பம்பாய்க்கு வந்து, பிலிம்ஸ் டிவிஷனில் நம்மவர்க்கு இக்கலையைப் பயிற்றுவித்தார். அன்று ஆசான் வந்தார். பிற்பாடு, இங்கே கூலி குறைவு என்பதால், வேலை மட்டும் வந்தது. காகிதம் போய்க் கணினியும் வந்தது.

மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியில், 2011-ல் 'லைஃப் ஆஃப் பை' படமாயிற்று. அதில் நாம் கண்ட புலி பெரும்பாலும் கணினி ஈன்ற புலி. ஈன்றது ரிதம் அண்டு ஹியூஸ் என்ற அமெரிக்க நிறுவனம்; மும்பையிலும் ஹைதராபாத்திலும் அதன் கூடங்கள் இருந்தன. இத்தொழிலில் தொகையை முன்கூட்டியே பேசிவிடுவார்கள். வேலை வளரும், பணம் வளராது. 2013 பிப்ரவரியில் அந்நிறுவனம் திவால் மனுக் கொடுத்தது. அதே மாதம் அதன் வேலைக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது!

விருந்தின் ருசியைப் புகழ்கிறோம். உப்பு வாரிய கையை யார் விசாரிக்கிறோம்?